கான்சல் நீதிபதியாக இருந்த காலமும் இன்றைய எம்பசியும்

"எம்பசியில சொல்லி கேஸை நம்ம ஊருக்கு மாத்திட முடியாதா சார்?"

வளைகுடா நாட்டில் மகனோ கணவரோ வழக்கில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். படிக்காதவர்கள்தான் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம், பொறியாளர்களும் வங்கியில் வேலை பார்ப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். தூதரகம் என்பது அந்நிய மண்ணில் இருக்கும் ஒரு துண்டு இந்தியா, அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு நம் ஆட்கள் மேல் அதிகாரம் உண்டு, அவர் போன் போட்டால் அந்த ஊர் போலீஸ் விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. முடியாதம்மா என்று சொன்னால் முகம் வாடிவிடும். இந்த வக்கீலுக்கு விவரம் போதாது போல என்று வேறு இடம் தேடிப் போகிறவர்களும் உண்டு, அங்கே யாராவது "பண்ணிடலாம், டெல்லியில ஆள் இருக்கு" என்று முன்பணம் வாங்கிக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நம்பிக்கை அப்படியே கட்டுக்கதை இல்லை. வளைகுடாவின் ஓமனிலும், அன்று ஓமன் சுல்தானே ஆண்ட ஆப்பிரிக்கக் கரைத் தீவான சான்சிபாரிலும், ஒரு காலத்தில் இந்தியர்கள் மேல் வரும் வழக்கு நிஜமாகவே சுல்தானின் காஜியிடம் (இஸ்லாமிய நீதிபதியிடம்) போகாது, அங்கே பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த கான்சல் என்ற அதிகாரியிடம்தான் போகும். அவரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். அந்தக் கதை முழுதாகத் தெரிந்தால் இன்றைய எம்பசியால் எது முடியும், எது முடியாது என்பது தானாகப் புரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1839 மே 31 அன்று சான்சிபாரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் மஸ்கட், சான்சிபார் இரண்டையும் ஆண்ட சையித் சயீத் பின் சுல்தானின் ஆள், மறுபக்கம் பிரிட்டன் சார்பில் கேப்டன் கோகன். வணிக ஒப்பந்தம்தான், ஆனால் என் கண் போவது அதில் இருக்கும் வழக்கு விசாரணை ஏற்பாட்டின் மேல். பிரிட்டிஷ் குடிகள் இருவருக்குள் தகராறு என்றால் கான்சல் தீர்த்துவைப்பார். சுல்தானின் குடி ஒருவர் பிரிட்டிஷ் குடி மேல் வழக்குப் போட்டால் அதையும் கான்சலே விசாரிப்பார். பிரிட்டிஷ் குடி சுல்தானின் குடி மேல் போட்டால் மட்டும் சுல்தானின் அதிகாரி விசாரிப்பார், அப்போதும் கான்சலோ அவருடைய ஆளோ கூட இருக்கலாம். பிரதிவாதி யாருடைய ஆளோ அவருடைய நீதிமன்றம் என்பதுதான் கணக்கு. பிரிட்டிஷ் குடி அங்கே இறந்துபோனால் சொத்து வாரிசிடம் போகும், வாரிசு இல்லாவிட்டால் கான்சல் பொறுப்பு.

இதை பிரிட்டன்தான் ஆரம்பித்தது என்றும் சொல்ல முடியாது. 1833இலேயே அமெரிக்கா இதே சுல்தானிடம் இதே மாதிரி உரிமை வாங்கிவிட்டது, 1844இல் பிரான்சும் வாங்கியது. சுல்தான் ஏன் கொடுத்தார்? வெளியூர் வியாபாரிகள் தங்கள் சண்டையைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வது அந்தக் கடலோரத் துறைமுகங்களில் புது விஷயம் இல்லை. வியாபாரம் பெருகினால் சுங்கம் பெருகும், அவருக்கு அது போதும். பின்னால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று யாருக்குத் தெரியும்!

லண்டனில் ஒரு சிக்கல் இருந்தது. வேறொருவர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு தண்டனை கொடுக்க இவர்களுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது? 1843இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்நிய நாட்டு அதிகாரவரம்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தாலோ வழக்கத்தாலோ அந்நிய நாட்டில் அரசிக்குக் கிடைத்திருக்கும் அதிகாரத்தை, அந்த நிலத்தைப் போரில் வென்றோ எழுதி வாங்கியோ பெற்றிருந்தால் எப்படிச் செலுத்துவாரோ அப்படியே செலுத்தலாம் என்று அது சொன்னது. 1890இல் அதையே தொகுத்துப் புதிதாக எழுதினார்கள். நிலம் சுல்தானுடையது, கொடி சுல்தானுடையது, ஆனால் அங்கே இருக்கும் குறிப்பிட்ட மனிதர்கள் மேல் மட்டும் ஜெயித்த நாட்டுக்காரனின் அதிகாரம். சட்டம் எழுதும் திறமைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

அந்த "குறிப்பிட்ட மனிதர்கள்" யார்? பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் இல்லை. கட்ச், கத்தியவார், சிந்து பக்கத்திலிருந்து போன பாட்டியாக்கள், கோஜாக்கள், போராக்கள் என்ற வணிகச் சமூகத்தினர். சான்சிபாரின் சுங்க வசூலைப் பல பத்தாண்டுகள் குத்தகைக்கு வைத்திருந்தது ஜெய்ராம் சிவ்ஜி என்ற கட்ச் குடும்ப நிறுவனம், சுல்தானுக்கே கடன் கொடுத்தவர்கள் அவர்கள். ஆக சுல்தானின் மண்ணில் இருந்த பணக்கார வியாபாரிகளில் பலர் சுல்தானின் நீதிமன்றத்துக்குக் கட்டுப்படாதவர்கள். 1856இல் சயீத் இறந்து, மஸ்கட் ஒரு மகனுக்கும் சான்சிபார் இன்னொரு மகனுக்கும் என்று ஆனபோது அந்தப் பிரிவினையைப் பஞ்சாயத்துப் பண்ணியதும் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் கானிங்தான், 1861இல். சான்சிபார் ஆண்டுக்கு 40,000 வெள்ளி மஸ்கட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

1866இல் சான்சிபார் கான்சல் நீதிமன்றத்தை முறைப்படுத்தி அரசாணை வந்தது. இங்கேதான் நம்மூர் வக்கீல்களுக்குச் சுவாரசியம். அந்த நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடு போனது லண்டனுக்கு இல்லை, பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு. பம்பாய் மாகாணத்தின் ஒரு ஜில்லா போலவே சான்சிபாரை நடத்தினார்கள். இந்திய தண்டனைச் சட்டமும் நடைமுறைச் சட்டங்களும் ஆப்பிரிக்கக் கடலோரத் தீவு ஒன்றில் இந்தியர்கள் மேல் பாய்ந்தன. கிராம்பு மண்டிக்காரர் ஒருவர் சான்சிபாரில் தோற்றால் பம்பாயில் வக்கீல் பிடிக்க வேண்டும்.

சரி, இது இந்தியர்களுக்குப் பாதுகாப்புத்தானே என்று தோன்றும். சொத்து விஷயத்தில் பாதுகாப்புத்தான். அடிமை விஷயத்தில் கதையே வேறு. சான்சிபாரில் அடிமை வைத்திருப்பது சுல்தானின் சட்டப்படி குற்றமில்லை. பிரிட்டிஷ் குடிக்கு அது குற்றம். 1858 முதல் 1861 வரை கான்சலாக இருந்த ரிக்பி, இந்தியர்கள் வைத்திருந்த அடிமைகளை விடுவித்தே ஆக வேண்டும் என்று நின்றார், ஆயிரக்கணக்கானவர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார், முரண்டு பிடித்தவர்களைத் தண்டித்தார். உடனே என்ன நடந்தது தெரியுமா? நேற்றுவரை கடன் வசூலுக்கு "நான் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருப்பவன்" என்று கான்சல் வாசலில் நின்றவர்களில் பலர், "நாங்கள் கட்ச் ராஜாவின் குடிகள், பிரிட்டிஷ் குடிகள் இல்லை, இங்கே சுல்தானுக்குக் கட்டுப்பட்டவர்கள்" என்று சொல்லத் தொடங்கினார்கள். சட்டப்படி அந்த வாதத்தில் வலு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், கட்ச் சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்தியா இல்லையே. அந்த ஓட்டையை அடைக்க 1869இல் கட்ச் அரசரிடமிருந்தே அறிவிப்பு வாங்கினார்கள், சான்சிபாரில் இருக்கும் என் குடிகள் இனி இந்த விஷயத்தில் பிரிட்டிஷ் குடிகளாகவே நடத்தப்படுவார்கள் என்று. 1876இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வியாபாரச் சட்டம் ஒன்றில் சமஸ்தானக் குடிகளையும் சேர்த்து, இந்திய தண்டனைச் சட்டத்தின் அடிமைப் பிரிவுகளை அவர்கள் மேலும் ஏவியது.

எந்தச் சட்டம் லாபமோ அதன் ஆளாக இருந்துவிடலாம் என்ற எண்ணம் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே தோற்றுப்போன எண்ணம். அன்று அடிமைகளை வைத்திருந்தவர்கள் தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இன்று என்னிடம் வருகிறவர்களும் இதே எண்ணத்தோடுதான் வருகிறார்கள்.

இன்னொரு சம்பவம், இது ஓமன் கரையிலேயே. சூர் துறைமுகத்தின் தோணிக்காரர்கள் பிரெஞ்சு அதிகாரிகளிடம் காகிதம் வாங்கி பிரெஞ்சுக் கொடி கட்டி ஓட்டினார்கள். பிரெஞ்சுக் கொடி இருந்தால் பிரிட்டிஷ் கப்பல்கள் நிறுத்திச் சோதிக்க முடியாது, அடிமை ஏற்றிப் போகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும். சுல்தானின் குடிகளுக்கு நீ எப்படிக் கொடி கொடுக்கலாம் என்று பிரிட்டன் கேட்க, விவகாரம் ஹேகில் இருக்கும் நடுவர் மன்றம் வரை போனது. 1905 ஆகஸ்ட் 8இல் தீர்ப்பு. 1892 ஜனவரி 2க்குப் பிறகு, ஏற்கெனவே 1863க்கு முன் பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்தவர்களைத் தவிர வேறு எந்த மஸ்கட் குடிக்கும் பிரான்ஸ் புதிதாகக் கொடி கொடுக்க முடியாது என்றது மன்றம். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னது: கொடி முறையாகக் கிடைத்திருந்தாலும் அந்தக் காரணத்தால் மட்டும் தோணியின் சொந்தக்காரரோ மாலுமிகளோ சுல்தானின் ஆட்சியிலிருந்தும் அவருடைய நீதிமன்றத்திலிருந்தும் தப்ப முடியாது. கொடி தோணிக்கு, ஆளுக்கு இல்லை.

சான்சிபார் 1890இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு நாடாகி, 1963 டிசம்பரில் சுதந்திரம் பெற்றது. மஸ்கட்டில் 1891 ஒப்பந்தம் இந்த உரிமையை இன்னும் விரிவாக எழுதிவைத்தது, ஏதோ ஒரு வடிவில் அது 1960கள் வரை நீடித்தது. பஹ்ரைன், கத்தார், இன்றைய அமீரகம் எல்லாம் 1971இல் விடுபட்டன. அத்தோடு முடிந்தது. இன்று எந்த வளைகுடா நாட்டிலும் எந்தத் தூதருக்கும் தன் குடிமகனை விசாரிக்கும் அதிகாரம் இல்லை, இந்தியத் தூதருக்கு மட்டும் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். அமெரிக்கனுக்கும் இதே கதிதான். நாளைக்கு ஓர் ஓமன்காரர் சென்னையில் குற்றம் செய்தால் அவரை எழும்பூரில்தான் விசாரிப்போம், மஸ்கட்டுக்கு அனுப்பச் சம்மதிப்போமா?

அப்படியானால் எம்பசி எதற்கு? கான்சல் உறவுகள் பற்றிய 1963இன் வியன்னா உடன்படிக்கை, அதில் 36ஆம் பிரிவு. பிடிபட்டவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்ல வேண்டும், தூதரக அதிகாரி அவரைச் சிறையில் பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். "கேட்டுக்கொண்டால்" என்பதைக் கவனியுங்கள். பயத்தில் நம் பையன்கள் கேட்பதே இல்லை, முதலாளி பார்த்துக்கொள்வார் என்று அரபியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எம்பசிக்குச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இரண்டையும் முதல் நாளே கேட்கச் சொல்லி, வெளிநாடு கிளம்புகிறவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இந்த உரிமையின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் அந்த நாடு இந்தப் பிரிவை மீறியது என்று 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் விடுதலை செய் என்று சொல்லவில்லை, தண்டனையை முறையாக மறுபரிசீலனை செய் என்றுதான் சொன்னது. இந்திய அரசே நேரடியாகப் போராடிக் கிடைத்தது அவ்வளவு என்றால், ஒரு போனில் கேஸ் மாறும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஊரில் இருக்கும் குடும்பம் செய்ய வேண்டியது: மத்திய அரசின் மதத் (MADAD) இணையதளத்தில் புகார் பதிவு, சென்னையில் இருக்கும் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தில் மனு, இரண்டிலும் பாஸ்போர்ட் நகல், விசா நகல், எந்த ஊர் எந்தச் சிறை என்ற விவரம். அப்புறம் அந்த ஊர் வக்கீல், இது தவிர்க்க முடியாதது. கையில் பணமே இல்லாதவர்களுக்குத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது, அதில் சட்ட உதவிக்கும் கேட்கலாம்.

இந்தியச் சட்டம் உங்களை விட்டுவிட்டது என்றும் நினைக்காதீர்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா இந்தியக் குடிமகன் உலகில் எங்கே குற்றம் செய்தாலும் பொருந்தும், பழைய தண்டனைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அப்படியே இதில் முதல் பிரிவுக்குள் வந்திருக்கிறது. மஸ்கட் அறையில் கூட இருந்த நண்பனிடம் பணமோசடி செய்துவிட்டு ஊருக்கு ஓடிவந்தால் இங்கே புகார் கொடுக்க முடியும். விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 208. போலீஸ் புலன்விசாரணைக்கு அந்த அனுமதி தேவையில்லை என்பது 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

கடைசியாக, துபாயில் கடன் அட்டையையும் காருக்கு வாங்கிய லோனையும் அப்படியே விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர்களுக்கு. 2020 ஜனவரியில் மத்திய அரசு ஐக்கிய அரபு அமீரகத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ், தீர்ப்புகளைப் பரஸ்பரம் ஏற்கும் நாடாக அறிவித்துவிட்டது. அங்கே குறிப்பிட்ட நீதிமன்றங்களில் வாங்கிய பணத் தீர்ப்பாணையை இங்கே உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றச் சொல்லி மனுப் போடலாம், ஊரில் இருக்கும் வீடு, நிலம் ஜப்தி வரை போகலாம். உங்களுக்கு முறையாகத் தகவல் கொடுக்காமல் வாங்கிய தீர்ப்பு, மோசடியாக வாங்கிய தீர்ப்பு என்றால் 13ஆம் பிரிவில் எதிர்க்க இடம் உண்டு. அதற்கு உங்களுக்கு எப்போது, எந்த முகவரிக்கு, எந்த மொழியில் நோட்டீஸ் வந்தது என்பது முக்கியம். அதனால் அரபியில் வந்த காகிதம், வாட்ஸாப்பில் வந்த மிரட்டல் செய்தி, வங்கியின் மின்னஞ்சல் எதையும் அழிக்காமல், உறையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.