ஜூன் மாதக் கரீபியன் பயணமும் புயல் வரைபடமும்

அட்லாண்டிக் பெருங்கடலின் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. பெரும்புயல்கள் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகே மிகுதியாக உருவாகும் என்பதால், பள்ளி விடுமுறை விட்டதும் டொராண்டோவிலிருந்து மெக்சிகோவின் கான்கூனுக்கும் டொமினிகன் குடியரசின் புண்டா கானாவுக்கும் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள், ஜூலைத் தொடக்கத்தைக் கவலையற்ற நாட்களாகவே கருதுகிறார்கள். பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கும் நான், அந்த வாரங்களுக்கு முன்பதிவு செய்ய வருகிற எவரிடமும் 2024ஆம் ஆண்டின் பெரில் புயலைப் பற்றிப் பேசாமல் அனுப்புவதில்லை.

ஜூன் 28 அன்று தாழ்வு மண்டலமாக உருவான பெரில், இரண்டே நாட்களில், ஐந்து வகைகளுள் நான்காம் வகைச் சூறாவளியாகிவிட்டது. ஜூன் மாதத்தில் அட்லாண்டிக்கில் அத்தனை வலுவான புயல் அதற்கு முன் பதிவானதே இல்லை. கடல்நீர் செப்டம்பரில் இருக்க வேண்டிய அளவுக்குச் சூடேறிக் கிடந்ததே முக்கியக் காரணம். ஜூலை 1 அன்று கிரெனடா நாட்டின் கரியாக்கூ தீவைச் சிதைத்த அப்புயல், ஜமைக்காவின் தென்கரையை ஒட்டிச் சென்று, 5ஆம் தேதி மெக்சிகோவின் துலும் அருகே கரையைக் கடந்தது. பார்படோஸில் டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணி, விமான நிலையம் மூடப்பட்டதால் அங்கேயே தங்க நேர்ந்து, தனி விமானத்தில் ஜூலை 4 அன்று டெல்லி வந்து சேர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். நம் குடும்பங்களுக்குத் தனி விமானம் வராது.

புயல் நாட்களில் வாடிக்கையாளர்கள் கைபேசியை நீட்டி, "எங்கள் ஹோட்டல் இந்த வெள்ளைக் கூம்புக்கு வெளியேதானே இருக்கிறது?" என்று கேட்பார்கள். மியாமியில் உள்ள அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் வெளியிடும் அந்தக் கூம்பு, புயலின் மையப்புள்ளி செல்லக்கூடிய பாதையை மட்டுமே காட்டுகிறது. மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பைக் கணக்கில் கொண்டே அது வரையப்படுவதால், மையமே கூம்பை விட்டு விலகிச் செல்வதும் உண்டு. காற்றும் மழையும் கடல் பொங்குதலும் அதன் எல்லைக்கு அப்பாலும் வெகுதூரம் பரவும். வகை எண்ணும் காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது, வெள்ளத்தை அன்று. ஆகவே, பலத்த காற்று எவ்வளவு சீக்கிரம் வந்து சேரக்கூடும் என்பதைக் காட்டும் வரைபடத்தையே முதலில் பாருங்கள் என்கிறேன். நாம் முடிவெடுக்க எஞ்சியிருக்கும் நேரத்தை அதுதான் சொல்கிறது.

சூறாவளி மையத்தின் அறிக்கைகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, டொராண்டோ நேரப்படி காலையும் மாலையும் 5 மணிக்கும், பகலும் இரவும் 11 மணிக்கும் வெளியாகின்றன. சூறாவளி எச்சரிக்கை என்பது பலத்த காற்று தொடங்குவதற்கு ஏறத்தாழ 36 மணி நேரம் முன்பு விடுக்கப்படுவது. அதற்குள் மீதமுள்ள விமானங்களில் இருக்கைகள் நிரம்பிவிடும். எனவே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, எங்கெங்கே புயல் உருவாகலாம் என்று அடுத்த ஏழு நாட்களுக்குக் கணித்துச் சொல்லும் வரைபடத்தை நாள்தோறும் பார்த்து வருவது நல்லது.

காப்பீட்டில்தான் எனக்குப் பெரிய கவலை. புயலுக்குப் பெயர் சூட்டப்பட்டதும் பெரும்பாலான காப்பீட்டு நிறுவனங்கள் அதை முன்பே அறியப்பட்ட நிகழ்வாகக் கொள்வதால், அதன் பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்யாது. பயணச்சீட்டுக்குப் பணம் கட்டும் அன்றே காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். கையெழுத்திடுமுன், புயலால் பயணம் தடைபட்டுக் கூடுதல் நாட்கள் தங்க நேர்ந்தால் ஹோட்டல் செலவு எத்தனை நாளைக்கு, எவ்வளவு தொகை வரை கிடைக்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.