பார்க், பூங்கா, கா

‘பார்க்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஊஞ்சல், சிமென்ட் பெஞ்சு, எட்டுப் போட்டு நடக்கும் பாதை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் முதலில் இருந்தது பூவும் இல்லை, புல்லும் இல்லை, வேலி.

பழைய பிரெஞ்சில் பார்க் என்பது வேட்டை விலங்குகளை அடைத்து வைத்த நிலம். அதற்கும் மூலம் ஜெர்மானியக் கிளை என்பார்கள். குதிரை மேயவிடும் ‘பேடக்’ இதற்கு உறவுச்சொல். இங்கிலாந்தில் மன்னரும் பிரபுக்களும் மான் வேட்டைக்காகக் காட்டை வளைத்துப் போட்டார்கள். லண்டனை அடுத்த ரிச்மண்டில் முதலாம் சார்லஸ் 1637-இல் அப்படித்தான் சுற்றுச்சுவர் எழுப்பினார். ஊரார் நடந்துவந்த வழிகளும் பிற்பாடு அடைபட்டன. பீர் ஆலை வைத்திருந்த ஜான் லூயிஸ் வழக்குப் போட்டு 1758-இல் வென்றார்; சுவரில் ஏணிப்படி வைக்க வேண்டியதாயிற்று. பொதுப்பணத்தில் மக்களுக்கென்றே அமைத்த பர்க்கன்ஹெட் பார்க் திறந்தது 1847-இல்தான். பீரங்கிகளை நிறுத்திவைத்த இடத்தையும் படையினர் பார்க் என்றார்கள். நாம் வண்டியைப் ‘பார்க் பண்ணுவது’ அந்த வழியில் வந்தது.

பூங்கா என்பது பூ + கா. கா என்றால் சோலை. முருகன் உறையும் இடங்களை அடுக்கும் திருமுருகாற்றுப்படை ‘காடும் காவும்’ என்கிறது. ஆக, காடு வேறு, கா வேறு. காத்தல் என்ற வினையோடு சேர்த்து, ‘காக்கப்படும் மரக்கூட்டம்’ என்று பொருள் சொல்வோர் உண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா என்று ஊர்ப்பெயர்களில் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலையாளத்தில் ‘காவு’ இன்றும் தெய்வத்துக்கென்று வெட்டாமல் விட்ட மரக்கூட்டம்தான். நம் பக்கம் அதைக் கோயில்காடு என்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி அப்படியொன்று மிஞ்சியிருக்கிறது: வறட்சியிலும் இலை உதிர்க்காத கடலோரக் காடு.

நகராட்சிப் பூந்தோட்டத்துக்குப் ‘பூங்கா’ சரிதான். 1978-இல் அறிவிக்கப்பட்ட கிண்டி தேசியப் பூங்காவுக்கு? 2.7 சதுர கிலோமீட்டர். பூப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். புதர்க்காடு, வெளிமான், புள்ளிமான், சுற்றிலும் தடுப்பு. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரனின் பழைய பொருளுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

தொழில்நுட்பப் பூங்காவிலும் ஜவுளிப் பூங்காவிலும் பூவும் இல்லை, காவும் இல்லை. ‘வளாகம்’ போதும். பழைய மரங்கள் நிற்கும் பொது இடத்துக்குப் ‘பாரம்பரியப் பசுமைப் பரப்பு’ என்று நீட்டிப் பலகை எழுத வேண்டியதில்லை. கா என்றோ சோலை என்றோ எழுதலாம். நீலகிரிச் சோலைகளை ஆங்கிலேயரே நம் சொல்லை வாங்கி ‘ஷோலா’ என்றுதான் எழுதினார்கள். நம் செய்தித்தாள்கள் அதைத் திருப்பி வாங்கி ‘ஷோலா காடுகள்’ என்று அச்சிடுகின்றன.