அது போஸ் இல்லைங்க

போன ஞாயிறு ராத்திரி ஒன்பதரைக்கு ஏற்காட்டிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். வயது இருபத்திரண்டு, சொந்த ஊர் சேலம்தான். தொடையின் மேல்பக்கம் அஞ்சு ரூபாய் காசு அளவுக்கு ஓட்டை. அதற்குள் காபித்தூள், ரத்தத்தில் ஊறிக் களிமண் மாதிரி கெட்டியாகியிருந்தது. கூட வந்தவன் போனை நீட்டி, "நல்லாத்தான் சார் போஸ் குடுத்துட்டு இருந்துச்சு" என்றான்.

பார்த்தேன். எஸ்டேட் வேலியோரம் ஒரு காட்டெருமை, ஒற்றை ஆண், ரோட்டுக்குக் குறுக்காக நிற்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்ம பையன் ரெண்டு விரலை நீட்டிச் சிரிக்கிறான்.

இந்த 'போஸ்' என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆண் காட்டெருமை எடுத்த எடுப்பில் முட்டாது. முதலில் பக்கவாட்டில் திரும்பி, திமிலும் கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடியும் தெரிய உடம்பை முழுசாகக் காட்டும். என் சைஸைப் பார்த்துக்கொள், ஒதுங்கிப் போ என்பதுதான் அதற்கு அர்த்தம். எதிரே நிற்பது இன்னொரு ஆணாக இருந்தால் பெரும்பாலும் அதோடு விலகிவிடும், சண்டையே வராது. நாம் என்ன செய்கிறோம்? சாதுவாக நிற்கிறதே என்று இன்னும் நாலடி கிட்டப் போகிறோம். எச்சரிக்கையை மதிக்காதவனாகத்தான் அதன் கண்ணுக்குத் தெரிவோம். அடுத்து தலை தாழும், மூக்கு சீறும். அதற்குப் பிறகு யோசிக்க நேரம் கிடையாது.

பெயரில்தான் எருமை. இனத்தில் அது மாட்டுக்குத்தான் சொந்தம். அதைச் சொன்னாலும் வம்பு: மாட்டுப் பொங்கலுக்குப் பொட்டு வைத்துப் பழகிய கை, 'மாடுதானே' என்று நீண்டுவிடுகிறது. வளர்ந்த ஆண் ஒரு டன்னைத் தொடும். தோள் மட்டுமே ஆறடிக்குப் பக்கம் வரும்.

எஸ்டேட்டில் வேலை செய்கிற பெண்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. விடியற்காலைப் பனியில் காபிச் செடிக்கு நடுவே எதிர்ப்பட்டால் அவர்கள் என்ன செய்ய முடியும்? அந்த நேரத்தில் சேர்ந்து போங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள் அம்மா. நீங்கள் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிந்தால் பாதி பிரச்சினை தீரும்.

சுற்றுலா வருகிறவர்களுக்குத்தான் மீதி. வண்டியில் இருந்தால் இறங்காதீர்கள். ஹாரன் அடிக்காதீர்கள், அது ரோட்டைக் கடக்கும்வரை காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகாது. பைக்கில் வருகிறவர்கள் தூரத்திலேயே நிறுத்துங்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். அது குரைத்துச் சீண்டிவிட்டு உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே ஒரு டன்னும் வரும். கன்று கண்ணில் பட்டால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. நடந்து போகும்போது எதிர்ப்பட்டால், அது தப்பிக்கிற வழியை மறிக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய்ந்தே விட்டால் தடித்த சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள்.

குத்திவிட்டதா? வெளியே தெரிகிற ஓட்டையை வைத்து எடை போடாதீர்கள். கொம்பு உள்ளே போய்த் திரும்பியிருக்கும். அந்தப் பையனுக்கு வெளியே அஞ்சு ரூபாய், உள்ளே என் விரல் முழுசும் போனது. சுத்தமான துணியை வைத்து, கையை எடுக்காமல் அழுத்துங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், ஈரத்துணியால் மூடுங்கள். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள், நாங்கள் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். 108-க்கு அடியுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் கார் பின்சீட்டில் மடக்கிப் போட்டு இறக்காதீர்கள்.

இங்கே வந்ததும் 'ஏன் டாக்டர் தையல் போடலை' என்று சண்டைக்கு வராதீர்கள். மண்ணும் சாணியும் போன காயத்தை உடனே மூடினால் உள்ளே சீழ் கட்டும். கழுவி, சில நாள் திறந்து வைத்துத்தான் தைப்போம். அந்தப் பையனின் காயத்தைக் கழுவவே முக்கால் மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் காபித்தூளுக்கு. டிகாஷன் போடுங்கள், போதும்.