கூடைப்பந்து ஆடி அரசு வேலைக்குப் போவது: ஸ்போர்ட்ஸ் கோட்டா விதிகள்

இந்தியாவில் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் தருவது லீக் அணி அல்ல. ரயில்வே, வருமான வரித்துறை, சுங்கத்துறை, வங்கி, ராணுவம், போலீஸ் என்று ஏதாவது ஓர் அலுவலகம்தான். 2015இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஆடும் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது தேர்வாக எடுத்த சத்நாம் சிங்கின் பாதை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இந்திய அணியின் முன்னாள் கேப்டன், 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னைக்காரர் அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். இங்கே வழக்கமான பாதை அதுதான். அந்தப் பாதையின் கதவு ஸ்போர்ட்ஸ் கோட்டா, அதாவது விளையாட்டுச் சாதனையை வைத்து ஆள் எடுக்கும் ஒதுக்கீடு. ஆடத் தெரிந்தும் அந்தக் கதவில் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். தேதியும் கையெழுத்தும் அவர்களைக் கவிழ்த்திருக்கும்.

மத்திய அரசின் பொது விதி

மத்திய அரசுத் துறைகளுக்கெல்லாம் அடிப்படை, பணியாளர் துறை 2013 அக்டோபர் 3ஆம் தேதி வெளியிட்ட தொகுப்பு ஆணை. பிறகு வந்த திருத்தங்கள் இதன் மேல்தான் சேர்ந்தன. ஓர் ஆண்டில் நேரடியாக நிரப்பும் குரூப் சி இடங்களில், அதாவது கடைநிலை ஊழியர் முதல் இன்ஸ்பெக்டர் வரையிலான வேலைகளில், 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறது அது. ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இது உச்சவரம்பு, உரிமை அல்ல. ஒரு துறை இரண்டு மூன்று வருடம் அறிவிப்பே போடாமல் இருக்கலாம். போட்டாலும் அந்த முறை கூடைப்பந்துக்கு இடமே இல்லாமலும் போகலாம். எந்த அணியில் ஆள் குறைகிறதோ அந்த ஆட்டத்துக்குத்தான் துறை இடம் கேட்கும்.

யார் தகுதியானவர்? நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியிலோ, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியிலோ, பல்கலைக்கழகத்துக்காக இன்டர் யுனிவர்சிட்டியிலோ, மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டிலோ ஆடியவர். விண்ணப்பங்கள் குவியும்போது வரிசைப்படுத்தும் முறையும் ஆணையிலேயே இருக்கிறது. நாட்டுக்கு ஆடியவர் முதலில். மாநில அணிகள் மோதும் சீனியர் அல்லது ஜூனியர் நேஷனல்ஸில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர் அடுத்து. அதன்பின் இன்டர் யுனிவர்சிட்டியில் மூன்றுக்குள் வந்தவர், அதன்பின் பள்ளி நேஷனல்ஸில் மூன்றுக்குள் வந்தவர். பதக்கம் இல்லாமல் வெறுமனே கலந்துகொண்டவர்கள் இவர்களுக்கெல்லாம் பின்னால்தான், அதே வரிசையில்.

இதில் இரண்டு குறிப்புகள் பலர் கண்ணில் படுவதில்லை. தனிநபர் ஆட்டத்துக்கும் குழு ஆட்டத்துக்கும் ஒரே மதிப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட பதக்கம் இருந்தால் அதற்காகத் தனி முன்னுரிமை கிடையாது. ஆகவே பள்ளி நேஷனல்ஸில் நான்கு முறை பதக்கம் வாங்கியவரைவிட ஜூனியர் நேஷனல்ஸில் ஒரே ஒரு வெண்கலம் வாங்கியவர் மேலே நிற்பார். ஃபைல் தடிமனாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

வயதில் 5 ஆண்டு வரை, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 10 ஆண்டு வரை தளர்வு தரலாம். படிப்பில் தளர்வு இல்லை. வருமான வரித்துறையை எடுத்துக்கொண்டால் எம்.டி.எஸ். எனும் பலபணி ஊழியர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். டாக்ஸ் அசிஸ்டென்ட்டுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் டிகிரி வேண்டும். டாக்ஸ் அசிஸ்டென்ட்டாக வருகிறவர் கணினியில் மணிக்கு 8,000 விசை அழுத்தும் வேகமும் காட்ட வேண்டும். எம்.டி.எஸ். அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், டாக்ஸ் அசிஸ்டென்ட் 25,500, இன்ஸ்பெக்டர் 44,900. ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்தில் ஆடும் இருவருக்கு இவ்வளவு வித்தியாசம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் டிகிரி. இரண்டு அரியரை முடிக்காமல் விட்டதால் எம்.டி.எஸ்.ஸிலேயே நின்றுபோனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ரயில்வே: கணக்கே வேறு

கூடைப்பந்துக்கு ரயில்வே தனி உலகம். சென்னையிலேயே தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். எனும் ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று இரண்டு நிர்வாகங்கள் தனித்தனியாக ஆள் எடுக்கின்றன. திறந்த அறிவிப்பு ஒரு வழி. பெரிய சாதனையாளர்களை அறிவிப்பு இல்லாமலே நேரில் எடுக்கும் டேலன்ட் ஸ்கவுட்டிங் இன்னொரு வழி. பெரும்பாலானோருக்கு உள்ளது முதல் வழிதான்.

திறந்த அறிவிப்பில் வயது 18 முதல் 25 வரை. எந்தப் பிரிவினருக்கும் தளர்வு இல்லை. மத்திய அரசுத் தளர்வை மனதில் வைத்துக்கொண்டு 26 வயதில் ரயில்வேக்கு விண்ணப்பித்தால் முதல் பரிசீலனையிலேயே வெளியே.

சம்பளப் படிநிலைக்கு ஏற்றபடி சாதனையின் அளவு மாறும். லெவல் 1க்கு, அதாவது 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு, மாநிலத்துக்காக ஆடி சீனியர், யூத் அல்லது ஜூனியர் நேஷனல்ஸில் எட்டாவது இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. படிப்பு. லெவல் 2, 3க்கு, அதாவது 19,900, 21,700 ரூபாய்க்கு, அதே நேஷனல்ஸில் மூன்றாம் இடத்துக்குள். அல்லது பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் நேஷனல் கேம்ஸில் மூன்றுக்குள், அல்லது அகில இந்திய இன்டர் யுனிவர்சிட்டியில் மூன்றுக்குள். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு. லெவல் 4, 5 என்றால் சர்வதேச அளவிலான சாதனை தேவை. அங்கே தொடங்கும் சம்பளம் 25,500, 29,200.

பலரைக் கவிழ்ப்பது சாதனைக்கான காலவரம்பு. நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளும்தான் கணக்கு. 2025-26க்கான அறிவிப்பு என்றால் 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு முடிந்த போட்டிகள் மட்டும். போட்டி முடிந்த கடைசி நாளைத்தான் பார்ப்பார்கள்.

இதை வயதோடு சேர்த்துப் பாருங்கள். யூத் நேஷனல்ஸ் 16 வயதுக்கு உட்பட்டோருக்கானது. 2022 டிசம்பரில் 15 வயதில் அங்கே தங்கம் வாங்கிய பெண்ணுக்கு 18 ஆகும்போது பெரும்பாலும் 2025-26 வந்துவிடுகிறது. அந்தத் தங்கம் வரம்புக்கு வெளியே. விதியில் ‘யூத்’ என்ற சொல் இருப்பதை நம்பி அந்தப் பதக்கத்தைப் பத்திரப்படுத்தி வைப்பதில் நடைமுறைப் பயன் மிகக் குறைவு. 18 வயதுக்கு உட்பட்டோர் ஆடும் ஜூனியர் நேஷனல்ஸ்தான் ரயில்வே வேலையின் முதல் உண்மையான படி. அதைத் தவறவிட்டால் அடுத்த படி கல்லூரி.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் இடம்

இன்டர் யுனிவர்சிட்டி நான்கு மண்டலங்களாக நடக்கும். ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். தென்மண்டலத்தில் இரண்டாம் இடம் வந்துவிட்டு அகில இந்தியப் போட்டியில் ஆறாவதாக வந்தால் ரயில்வே லெவல் 2க்கு அது போதாது. மண்டலச் சான்றிதழைக் காட்டித் தகுதி கேட்கிறவர்கள் வருடந்தோறும் இருக்கிறார்கள், வருடந்தோறும் நிராகரிக்கப்படுகிறார்கள்.

எனவே கல்லூரி சேரும்போது கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தக் கல்லூரி டீம் நல்ல டீமா?’ என்பது அல்ல. ‘இந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது, அந்தப் பல்கலைக்கழக அணி கடைசி நான்கு வருடத்தில் அகில இந்தியப் போட்டியில் எதுவரை போனது?’ என்பதே கேள்வி. சாதனையாக எண்ணப்படுவது பல்கலைக்கழகச் சட்டை போட்டு ஆடியது மட்டும்தான். இலவச விடுதியும் ஷூவும் தரும் கல்லூரியைவிட, பதக்கம் வெல்லும் பல்கலைக்கழக அணியில் பத்தாவது ஆளாக உட்காருவது வேலை தேடும்போது அதிகம் பயன்படும். பொறியியல் படிக்க விரும்புகிறவர்களுக்குத் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் தனியாக உண்டு.

சான்றிதழ்: யார் கையெழுத்து?

போட்டி முடிந்ததும் மேடையில் தரும் வண்ணச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய ஆணையில் ஐந்து படிவங்கள் இருக்கின்றன. அறிவிப்பின் பின்னிணைப்பில் அவற்றை அப்படியே கொடுத்திருப்பார்கள். சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்து. நேஷனல்ஸுக்குப் படிவம் 2, மாநிலச் சங்கத்தின் செயலாளர். இன்டர் யுனிவர்சிட்டிக்குப் படிவம் 3, பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கு முழுப் பொறுப்பு வகிக்கும் அதிகாரி. பள்ளி நேஷனல்ஸுக்குப் படிவம் 4, மாநிலக் கல்வி இயக்ககத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான இயக்குநர் அல்லது இணை, துணை இயக்குநர். படிவம் 5 உடல்திறன் தேசிய விருதுக்கானது, கூடைப்பந்துக்காரர்களுக்குத் தேவைப்படாது.

அந்தந்தப் படிவத்துக்கு உரிய அதிகாரி தானே கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று படிவத்தின் அடியிலேயே எழுதியிருக்கிறது. ‘செயலாளருக்காக’ என்று வேறொருவர் போட்ட கையெழுத்து, கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் முத்திரை, மாவட்டச் சங்கத்தின் கடிதம் எதுவும் ஈடாகாது. அறிவிப்பு வந்தபின் மூன்று வாரத்தில் இதையெல்லாம் ஓடிச் சேர்ப்பது கஷ்டம். செயலாளர் வெளியூரில் இருப்பார், பழைய ஸ்கோர் ஷீட் கிடைக்காது. நேஷனல்ஸ் முடிந்த மாதத்திலேயே படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெயரின் எழுத்துக்கள், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு பொருந்துகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். பள்ளியில் இனிஷியலோடும் சங்கப் பதிவில் அப்பா பெயரோடும் இருப்பது தமிழ்நாட்டில் சகஜம். சரிபார்க்கும் அதிகாரி வடஇந்தியராக இருந்தால் இரண்டையும் இரண்டு ஆட்களாகவே பார்ப்பார்.

இன்னொரு பொறி, ‘நேஷனல்’ என்று பெயர் போட்டு நடக்கும் தனியார் போட்டிகள். ஏதோ ஒரு ஃபெடரேஷன் பெயரில் கட்டணம் வாங்கிக்கொண்டு, கோவாவிலோ டெல்லியிலோ ஆறு அணிகளை வைத்து நடத்தித் தங்கப் பதக்கமும் தருவார்கள். அங்கீகரிக்கப்பட்ட தேசியக் கூட்டமைப்பின் கீழ் நடக்காத போட்டிக்கு மதிப்பு பூஜ்யம். பணம் கட்டும் முன் மாநிலச் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டாலே தெரிந்துவிடும்.

கோவை பி.எஸ்.ஜி. கோப்பை, பெரியகுளம் அகில இந்தியப் போட்டி போன்ற புகழ்பெற்ற அழைப்புப் போட்டிகளும் சாதனைக் கணக்கில் வராது. ஆனால் அவற்றைத் தவிர்க்கவும் கூடாது. வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் அங்கே ஆட வருகின்றன. அடுத்த வருடம் எந்த இடம் காலியாகப் போகிறது என்று கணக்குப் போடும் கோச்கள் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ட்ரையல்

ரயில்வேயில் மொத்தம் 100 மதிப்பெண். சாதனைக்கு 50, களத்தில் ஆட வைத்துப் பார்க்கும் ட்ரையலுக்கு 40, படிப்புக்கு 10. ட்ரையலில் 40க்கு 25 எடுத்தால்தான் ‘ஃபிட்’. அதற்குக் கீழே போனால் நாட்டுக்கே ஆடியவராக இருந்தாலும் அடுத்த கட்டம் கிடையாது. மொத்தத்தில் லெவல் 1க்கு 60, லெவல் 2, 3க்கு 65, லெவல் 4, 5க்கு 70 வேண்டும். ட்ரையலில் ஒட்டி 25 மட்டும் எடுத்தவர் லெவல் 2க்கு மீதமுள்ள 60இல் 40 எடுத்தாக வேண்டும். காயத்தோடு ட்ரையலுக்குப் போய்ச் சமாளித்துவிடலாம் என்பது ஏன் மோசமான யோசனை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

எந்தப் பொசிஷனுக்கு ஆள் வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே குறிப்பிடுவதும் உண்டு. கூடைக்கு அருகில் ஆடும் உயரமான சென்டரைக் கேட்கும் இடத்தில், பந்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டு போனால் எவ்வளவு நன்றாகப் பந்தைத் தட்டினாலும் பயனில்லை. விண்ணப்பிக்கும் முன் அந்த அட்டவணையைப் படியுங்கள். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், ட்ரையலுக்கு வந்தால் 400 திரும்பும். எஸ்.சி., எஸ்.டி., பெண்கள் உள்ளிட்டோருக்கு 250, வந்தால் முழுவதும் திரும்பும். வங்கிக் கணக்கு எண்ணைத் தப்பாக அடித்தால் அந்தப் பணம் வராது.

சேர்ந்த பிறகு

ரயில்வேயில் ஐந்து ஆண்டு பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். நடுவில் வங்கி வேலை வந்தால் எளிதாகத் தாவ முடியாது. கிளார்க்காகச் சேர்ந்தவர் நான்கு ஆண்டுக்குள் டைப்பிங் தேற வேண்டும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல், அல்லது இந்தியில் 25. அதுவரை நியமனம் தற்காலிகம்தான். பயிற்சி முகாம், டூர் என்று அலைந்துகொண்டே மூன்றரை வருடம் ஓடிவிடும். சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் முடித்துவிடுங்கள்.

ரயில்வே நேஷனல்ஸில் தனி அணியாக இறங்கும். நேற்றுவரை தமிழ்நாட்டுச் சட்டை போட்டவர் இனி அதற்கு எதிராக ஆடுவார். சீனியர் பெண்கள் பிரிவில் ரயில்வே அணி நீண்ட காலமாகவே அசைக்க முடியாத பலத்தோடு இருப்பதற்கு, எல்லா மாநிலங்களின் சிறந்த ஆட்டக்காரிகளையும் இந்தக் கோட்டா ஒரே இடத்தில் சேர்த்ததுதான் காரணம்.

மற்ற மத்திய அரசு அலுவலகங்களில் தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்கு ஆண்டுக்கு 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. அணி அதற்கு மேல் ஆடினால் சொந்த விடுப்புக் கழியும், எழுத்தில் முன் அனுமதி இல்லாமல் போய்வந்தால் ‘ஆப்சென்ட்’ விழும்.

மாநில அரசு வேலை வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. விண்ணப்பம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளம் வழியாக. 25 தாண்டி ரயில்வே கதவு மூடியவர்கள் இதையும் வருமான வரித்துறை, சுங்கத்துறை அறிவிப்புகளையும் சேர்த்துப் பின்தொடர வேண்டும். வங்கிகளுக்குப் பொது விதி வேறு. அவை தம் தேவைக்கு ஏற்பத் தனித்தனியாக அறிவிப்பு விடும், வயதும் படிப்பும் ஒவ்வொரு முறையும் மாறலாம்.

முட்டி தேய்ந்து ஆட்டம் நின்ற பிறகும் வேலை நிற்காது, ஓய்வு வயது வரை ஓடும். பயிற்சியாளராகத் தொடர நினைப்பவர்கள் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவுக்கு, பணியில் இருக்கும்போதே துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம். அதற்கும் கேட்கப்போவது அந்தப் பழைய நேஷனல்ஸ் சான்றிதழைத்தான், ஆகவே வேலை கிடைத்துவிட்டது என்று அசலைத் தொலைத்துவிடாதீர்கள்.