கிரனடாவில் தங்கக் காசுக்கு முத்திரை குத்திய சட்டம்

18ஆம் நூற்றாண்டுக் கரீபியத் தீவுகள் பலவற்றில் பிரிட்டிஷ் ஆட்சி நடந்தாலும் பிரிட்டிஷ் காசு அபூர்வம். கணக்கை பவுண்டு, ஷில்லிங்கில் எழுதுவார்கள். கையில் புழங்கியதோ ஸ்பானிய வெள்ளி டாலரும் பிரேசில் தங்கத்தில் அடித்த போர்ச்சுகீசிய 6400 ரெய்ஸ் காசும்தான். இந்தத் தங்கக் காசுக்கு ஊர்ப்பெயர் 'ஜோ'. முழு எடை 14.34 கிராம், 22 காரட்.

எண்ணிக் கொடுத்தாலே செல்லும் காசு என்றால் சிலருக்குக் கை அரிக்கும். ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முழு மதிப்புக்கே தள்ளிவிடுவார்கள். பத்துக் கை மாறுவதற்குள் காசு இளைத்துவிடும்.

இதற்குத்தான் கரீபியத் தீவான கிரனடா 1798இல் சட்டம் போட்டது. எடை குறைந்த காசில் துளையிட்டு, தங்கத் துண்டு ஒன்றைப் பொருத்தி, சட்டம் கேட்ட எடைக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் விளிம்பை ஒட்டி மூன்று இடங்களில் 'ஜி' எழுத்தைக் குத்துவார்கள். அப்படிக் குத்திய காசு 66 ஷில்லிங்குக்குச் செல்லும். எழுத்தை நடுவில் ஒரே இடத்தில் குத்தாமல் ஓரத்தில் குத்தியதில்தான் சாமர்த்தியம்: இனி யார் வெட்டினாலும் எழுத்து சிதையும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். செயின்ட் வின்சென்ட் தீவும் இதே முறையில் மூன்று 'எஸ்' குத்தியது.

சரி, 66 எப்படி வந்தது? ஒரு ஜோவுக்கு எட்டு டாலர், ஒரு டாலருக்கு 8 ஷில்லிங் 3 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). முழு எடையுள்ள ஜோ லண்டனில் 36 ஷில்லிங்தான். இதில் மோசடி எதுவும் இல்லை. தீவின் ஷில்லிங் வெறும் கணக்குப் பணம், பிரிட்டனின் ஸ்டெர்லிங் பணத்தைவிட மதிப்புக் குறைந்தது. விகிதத்தை உயர்த்தி வைத்தால் காசு கப்பலேறிப் போகாது என்ற ஆசையும் தீவுகளுக்கு உண்டு. ஆனால் பக்கத்துத் தீவு இன்னும் கூட்டித் தந்தால் காசு அங்கே போய்விடும். எந்த முத்திரையாலும் அதைத் தடுக்க முடியாது.

இப்படி மதிப்பை உயர்த்துவது லண்டனுக்குப் பிடித்ததில்லை. ஜமைக்கா 1758இல் ஸ்பானியக் காசுகளில் ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் 'ஜிஆர்' குத்தி, டப்ளூன் என்ற பெரிய தங்கக் காசுக்கு 5 பவுண்டும் டாலருக்கு 6 ஷில்லிங் 8 பென்சும் வைத்தபோது, அரசர் தரப்பு அந்தச் சட்டத்தையே செல்லாததாக்கியது. 1838இல் லண்டனே முன்வந்து டப்ளூனுக்கு 64 ஷில்லிங், டாலருக்கு 4 ஷில்லிங் 2 பென்ஸ் என்று ஸ்டெர்லிங்கில் விகிதம் அறிவித்தது.