நித்தியகல்யாணிக்கு நாம் செய்யும் உபத்திரவம்

காரைக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் போதும், "தம்பி, நீங்க குடுத்த செடி வாடிப்போச்சு, ரெண்டு வேளை தண்ணி ஊத்தியும் தேறலை" என்று ஆச்சி யாராவது ஃபோன் செய்வார். என்ன செடி என்று கேட்டால் பெரும்பாலும் நித்தியகல்யாணிதான்.

ஊற்றியும் இல்லை ஆச்சி, ஊற்றியதால்தான். மடகாஸ்கர்தான் அதன் பூர்வீகம். இரண்டு மூன்று அடிக்குள் அடக்கமாக நின்று, இலை கொட்டாமல், வருஷம் முழுக்கப் பூக்கும், நம் சித்திரை வெயிலையெல்லாம் ஒரு பொருட்டாகவே மதிக்காது. ஆனால் காலடியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகி, அடித்தண்டு கறுத்து, சில நாளிலேயே தலை சாய்ந்துவிடும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னொரு குடம் ஊற்றுகிறோம்.

ஆத்தங்குடி டைல்ஸில் கறை படியுமே என்று தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பீர்கள் பாருங்கள், அந்தத் தட்டில் நிற்கும் தண்ணீர்தான் எமன். அதைவிட மோசம், முற்றத்தில் ஓட்டுத் தண்ணீர் நாலு பக்கமும் இறங்குகிற இடத்தில் வரிசையாகத் தொட்டி வைப்பது. வாசல்படி ஓரம், வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். வெறும் செம்மண் தொட்டியில் இறுகிவிடும், பாதிக்குப் பாதி மணலும் மக்கிய சாணமும் கலந்துவிடுங்கள். விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அப்புறம், நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் புதராக அடையும். விதை போட்டால் மண்ணால் மூடிவிடுங்கள், வெளிச்சம் பட்டால் சரியாக முளைக்காது.

இன்னொன்று, இது செடிக்கு அல்ல, நமக்கு. சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் நாலு இலை மெல்லும் பழக்கம் இங்கே இருக்கிறது. கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் 1950-களில் இதே சர்க்கரைக்காகத்தான் இந்த இலையைச் சோதித்தார்கள். எலிகளுக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்தன. அதிலிருந்து வந்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, அளவு பார்த்து நரம்பில் ஏற்றுகிற சரக்கை நாம் வெறும் வயிற்றில் மென்றுகொண்டிருக்கிறோம்.

இலைக்கென்று கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் இந்தச் செடியைக் கொடுப்பதில்லை. செம்பருத்தியைக் காட்டிவிடுகிறேன். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், போகட்டும்.