மண்டபம் பூட்டினால் சோறு எங்கிருந்து வரும்?

உணவு வங்கி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது மிச்சச் சோறுதான். எங்கள் குழுவும் அப்படித்தான் தொடங்கியது. முகூர்த்த நாட்களில் திருநெல்வேலியின் பாளையங்கோட்டை, ஜங்ஷன் பகுதிக் கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சோறு, அவியல், சொதி ஆகியவற்றை வாங்கி இரவுக்குள் கொண்டு சேர்ப்போம். சமூக மருத்துவத்தில் பணியாற்றும் நான் குழுவுக்குச் சுகாதார ஆலோசகன். நான் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சமைத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று?

2020 மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு. மண்டபங்களும் ஓட்டல்களும் பூட்டிக் கிடந்தன. பசித்தவர்கள் பெருகிய அதே வாரத்தில் மிச்சம் என்று சொல்லவே எதுவும் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நாங்களே சமைத்தோம். அது நல்ல யோசனை இல்லை. காலை ஆறு மணிக்குக் கட்டிய சாம்பார் சாதம், ஒவ்வொரு தடுப்பிலும் நின்று நின்று, போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். விரலில் எடுத்த சோறு நூல் விட்டது. மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தோம். சமைத்த சோற்றின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால், வேகவைத்தும் சாகாத கிருமி விதைகள் முளைத்து நஞ்சு கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மணத்தை நம்பக் கூடாது; கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

பிறகு மளிகைப் பைக்கு மாறினோம். தொண்டர்களை இரண்டு அணியாகப் பிரித்தேன். ஓர் அணி வேலை செய்யும் நாளில் மற்றது கிட்டங்கிப் பக்கமே வரக் கூடாது. சேர்ந்து தேநீர் குடிக்காமல் என்ன சேவை என்று முணுமுணுத்தார்கள். பத்தாவது நாள் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து அந்த அணி முழுவதும் வீட்டில் முடங்கியது. மறுநாள் காலை வேன் வழக்கம்போலக் கிளம்பியது.

பையில் என்ன போடுவது என்பதில்தான் அதிகம் கற்றோம். அந்த ஏப்ரலில் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரசு 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசமாகக் கொடுத்தது. அவர்களிடமே நாமும் அரிசி மூட்டையை நீட்டுவது வீண் வேலை. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு இலையும் தூளும் வராததால் கூலியும் இல்லை. அரிசி இருந்தது, முட்டைக்கும் பயறுக்கும் காசில்லை. அவற்றைக் கொடுத்தோம், கூடவே களக்காட்டுப் பக்கம் வாங்க ஆளில்லாமல் தோட்டத்தில் பழுத்த வாழைத்தார்களையும். அரிசி மூட்டைகள் செங்கல் சூளைகளுக்குப் போயின. அங்கிருந்த வெளிமாநிலத்தாரிடம் இந்த ஊர் அட்டை இல்லை. எந்த மாநில அட்டைக்கும் எங்கேயும் ரேஷன் தரும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழகத்துக்கு வந்தது அந்த அக்டோபரில்தான். (பையை நீட்டும்போது படம் எடுப்பதை முதல் நாளே தடை செய்தேன். சில நன்கொடையாளர்கள் விலகினார்கள், விலகட்டும்.)

2023 டிசம்பர் 17, 18இல் வெள்ளம் வந்தபோது அதே பழக்கத்தில் மளிகைப் பைகளைக் கட்டினோம். ஆற்றோரத் தெருவில் ஒரு பாட்டி பையை வாங்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீர் நின்ற அடுப்பங்கரையைக் காட்டினார். அன்று மாலையே பக்கத்துப் பள்ளியில் அடுப்பு மூட்டி, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சுடச்சுடக் கொடுத்தோம். எங்கள் பயனாளர் பேரேட்டில் இப்போது பெயருக்கு அடுத்த பத்தி, ‘அடுப்பு எரிகிறதா?’